உறையூர்ப் புத்ததத்தர்: சொல்லப்படுவதும் உள்ளதும்

திருச்சியில் பௌத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய்விடும். திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து வந்து மதில் கட்டிய கதையை ஒருவர் சொல்வார். பெரிய கோயிலே ஒரு காலத்தில் விகாரையாக இருந்தது என்று இன்னொருவர் அடித்துப் பேசுவார். ஆற்றின் தென்கரையில், வெக்காளியம்மனுக்கும் கைத்தறிக்கும் சுருட்டுக்கும் பேர்போன உறையூரில், பௌத்த ஒழுக்க நெறிக்குப் பாடநூல் எழுதிய ஓர் ஆசிரியர் பிறந்தார் என்பதை இருவருமே எடுப்பதில்லை. அவர் பெயர் புத்ததத்தர். காலம் பொ.ஆ. 5ஆம் நூற்றாண்டு அல்லது அதையொட்டி. அவரைக் கேள்விப்பட்டவர்களும் பாதி கேள்விப்பட்டு மீதியைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

"அவர் இலங்கைத் துறவி, உறையூர் என்பது நாம் ஒட்டவைத்தது"

அநுராதபுரத்து மகாவிகாரையில் அவர் கற்றார் என்பது உண்மை. அந்தக் காலத்தில் தேரவாத மரபில் தேர்ச்சி பெற நினைத்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. ஆனால் படித்த இடம் பிறந்த ஊராகிவிடாது. அவருடைய நூல்களின் முடிவுரைகள் அவரை உரகபுரத்துக்காரர் என்று சொல்கின்றன. உரகபுரம் எது என்ற ஐயத்துக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி உண்டு. சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் 674இல் கொடுத்த கத்வால் செப்பேடு, சோழநாட்டில் காவிரியின் தென்கரையிலுள்ள உரகபுரத்தில் அவன் பாளையம் இறங்கியிருந்ததைக் குறிக்கிறது. தென்கரை, சோழநாடு, பெரிய ஊர் என்ற மூன்றும் ஒருசேரப் பொருந்துவது உறையூருக்குத்தான். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலிலும் புத்ததத்தர் தமிழ்நாட்டுப் பௌத்தப் பெரியார் வரிசையில்தான் இடம்பெறுகிறார்.

படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார். எழுதியதெல்லாம் சோழநாட்டில்தான், ஆனால் உறையூரில் அல்ல. திருச்சிக்காரர்கள் கொஞ்சம் பெருமையை இங்கே விட்டுக்கொடுக்க வேண்டும். 'வினயவிநிச்சயம்' உருவானது பூதமங்கலம் என்ற ஊரில். இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பூதமங்கலமே அது என்று கருதுகிறார்கள். பௌத்த மெய்யியலான அபிதம்மத்தை விளக்கும் 'அபிதம்மாவதாரம்' உருவானது காவிரிப்பூம்பட்டினத்தில். காவிரி வந்து பாய்வதால் தூய்மையான நிலம், வாழையும் பனையும் கரும்பும் தென்னையும் நெருங்கிய தோப்புகள், தாமரையும் அல்லியும் மூடிய குளங்கள் என்று பூதமங்கலத்தை அவர் வருணிக்கிறார். துறவொழுக்க விதிகளை மூவாயிரத்துச் சொச்சம் செய்யுளில் அடுக்கிவிட்டு, கடைசியில் இப்படி ஊரழகைப் பாடுகிறவர் டெல்டாக்காரராக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்!

"பாலியில் எழுதியவர் நமக்கு எப்படி உறவு?"

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இராமாநுசர் எழுதிய ஒன்பது நூல்களும் வடமொழியில்தான் இருக்கின்றன. அதற்காக அவரை ஸ்ரீரங்கத்துக்கு அந்நியர் என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை. நாடு கடந்து படிக்கப்பட வேண்டிய சாத்திரத்தை நாடு கடந்த மொழியில் எழுதுவது அன்றைய வழக்கம். ஈழத்திலும் பர்மாவிலும் சயாமிலும் ஒரே பிரதியைப் படிக்க முடிந்தது பாலி மொழியால்தான்.

"களப்பிரர் காலம் இருண்ட காலம்"

பள்ளிப் புத்தகத்தில் படித்து மனதில் தங்கிப்போன வாசகம் இது. இந்தக் கருத்துக்கு ஒரு பெரிய ஆதாரம் வேள்விக்குடிச் செப்பேடு. பாண்டியன் நெடுஞ்சடையன் 8ஆம் நூற்றாண்டில் வெளியிட்டது. பிராமணர்களுக்குக் கொடுத்த நிலத்தைக் களப்பிரர் பறித்துவிட்டதாகவும், பின்னர் வந்த பாண்டியர் மீட்டுக்கொடுத்ததாகவும் அது சொல்கிறது. தோற்றவனைப் பற்றி வென்றவன் எழுதிய குறிப்பு, அதுவும் நிலத் தகராற்றில் எழுதியது. அதை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான் நம்பவேண்டும்.

புத்ததத்தரின் குறிப்பு இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் நாடாண்டபோது நூலைத் தொடங்கி, அவன் ஆட்சியிலேயே முடித்ததாக வினயவிநிச்சயத்தின் முடிவுரை சொல்கிறது. ஆட்சியைப் பற்றி அவருக்கு எந்த முறையீடும் இல்லை. இங்கே பெயர்களையும் கவனிக்கவேண்டும். அரசன் பெயர் அச்சுதன். பூதமங்கலத்து விகாரையைக் கட்டியவர் விஷ்ணுதாசர். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையைக் கட்டியவர் கண்ணதாசர் (ஆம், அந்தப் பெயருக்கு இவ்வளவு வயது). திருமாலின் பெயரைச் சூடியவர்கள் புத்தருக்கு மடம் கட்டியிருக்கிறார்கள். பெயரை வைத்து மட்டும் அவர்கள் வைணவர்கள் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் சமயங்களுக்கு நடுவே பின்னாளில் எழுந்த சுவர் அன்று அந்த உயரத்தில் இல்லை என்றாவது சொல்லலாம்.

நிலத்தடியிலும் ஆதாரம் இருக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனேசுவரம் பகுதியில் அகழ்ந்தபோது, சதுர அறைகள் வரிசையாக அமைந்த ஒரு பௌத்த விகாரையும் கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் வெளிப்பட்டன. காலம் ஏறக்குறைய 4, 5ஆம் நூற்றாண்டு. அதுதான் கண்ணதாசர் கட்டிய விகாரை என்று சொல்ல ஆதாரமில்லை. புத்ததத்தர் சொல்வது கற்பனை ஊரல்ல என்பதற்கு அது போதும்.

இதற்காகக் களப்பிரர் காலத்தைப் பொற்காலமாக்கி எழுதுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். ஒரு துறவியின் வாழ்த்தை வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கே வெள்ளையடிப்பதும் அவசரம்தான்.

"அவர் புத்தகோசருக்குச் சுருக்கம் எழுதியவர், அவ்வளவுதான்"

இதன் வேர் ஒரு அழகான கதையில் இருக்கிறது. புத்ததத்தர் ஈழத்திலிருந்து திரும்பிவருகிறார், பாலி உரையாசிரியர் புத்தகோசர் ஈழத்துக்குப் போகிறார். நடுக்கடலில் இரண்டு மரக்கலங்களும் சந்திக்கின்றன. சிங்கள உரைகளைப் பாலியில் பெயர்க்கப் போவதாகப் புத்தகோசர் சொல்ல, தமக்கு ஆயுள் குறைவு, எழுதியதை அனுப்பிவைத்தால் சுருக்கித் தருகிறேன் என்கிறார் புத்ததத்தர். இந்திரன் தமக்குக் கொடுத்த எழுத்தாணியையும் கடுக்காயையும் தந்து அனுப்புகிறார். எழுதுகிறவனுக்கு எழுத்தாணியும் வயிற்றுக்குக் கடுக்காயும்! கதை கட்டியவருக்கு எழுத்தாளர்களின் உடம்பு தெரிந்திருக்கிறது.

புத்தகோசரின் வாழ்க்கையைச் சொல்லும் 'புத்தகோசுப்பத்தி' இந்தக் கதையைப் பரப்பியது. அது பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த நூல். புத்ததத்தரின் சொந்த முடிவுரைகளில் கடலும் இல்லை, கடுக்காயும் இல்லை. இருவரும் ஒரே மகாவிகாரை மரபில் வந்தவர்கள், ஒரே உரைக்கருவூலத்தில் அள்ளியவர்கள் என்பதுதான் உறுதி.

சுருக்கம் என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. வினயவிநிச்சயம் வினய உரையான 'சமந்தபாசாதிகா'வின் வழியில் செல்வதுதான். ஆனால் அபிதம்மாவதாரத்தை அப்படித் தள்ள முடியாது. புத்தகோசர் 'விசுத்திமக்க'த்தில் மனிதனை ஐந்து கந்தங்களாக (தொகுதிகளாக)ப் பிரித்து விளக்கினார். புத்ததத்தர் சித்தம் (மனம்), சேதசிகம் (மனக்கூறுகள்), ரூபம் (உருவம்), நிப்பானம் (நிர்வாணம்) என்று நான்காகப் பகுத்துக்கொண்டு தொடங்கினார். பின்னாளில் அநுருத்தர் 'அபிதம்மத்தசங்ககம்' எழுதியபோது எடுத்துக்கொண்டதும் இதே நான்கைத்தான். இன்றும் பர்மாவில் அபிதம்மம் தொடங்கும் மாணவன் முதலில் கற்பது அந்தப் பாகுபாடு. சுருக்குகிறவனுக்கும் சொந்தப் புத்தி உண்டு.

"வினயம் என்பது தண்டனைப் பட்டியல், அதில் அறநெறி என்ன இருக்கிறது?"

படித்தவர்களே சொல்லும் குறை இது. அறம் வேண்டுமானால் தம்மபதத்துக்குப் போ, வினயம் மடத்து நிர்வாகம் என்பார்கள். புத்ததத்தரின் பணியை மதிப்பிடத் தடையாக நிற்பதும் இந்த எண்ணம்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும்.

பிக்குகளுக்கு 227 விதிகள். நான்கு விதிகளை மீறினால் துறவே போய்விடும். அவற்றைப் பாராசிகம் என்பார்கள். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, சோற்றுக் கவளத்தை எப்படி உருட்டுவது என்பது வரை விதி உண்டு. பார்வைக்குப் பட்டியல்தான். ஆனால் எந்த விதியும் முன்கூட்டியே வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரு சம்பவம் நடக்கும், ஊர் முணுமுணுக்கும், புத்தர் விசாரிப்பார், பிறகுதான் விதி பிறக்கும். சுதின்னர் என்ற துறவி, வம்சத்துக்கு ஒரு வாரிசு வேண்டும் என்று பெற்றோர் மன்றாட, முன்னாள் மனைவியைக் கூடினார். அதிலிருந்துதான் முதல் பாராசிக விதி வந்தது. சுதின்னருக்கு அந்த விதியால் தண்டனை இல்லை. விதி பிறக்கக் காரணமானவனை அந்த விதி தொடாது. பித்துப் பிடித்தவனையும் தொடாது. முன்தேதியிட்ட சட்டத்தால் எவரையும் தண்டிக்கக் கூடாது என்று இன்றைய அரசியலமைப்புகள் சொல்வதை இந்த மடத்துச் சட்டம் அன்றே கடைப்பிடித்திருக்கிறது.

திருட்டு விதி இன்னும் சுவையானது. குயவர் குலத்துத் தனியர் என்ற துறவி, பிம்பிசாரனின் அரசாங்க மரங்களைக் குடில் கட்ட எடுத்துவிட்டார். எவ்வளவு திருடினால் அரசன் தண்டிக்கிறான் என்று, முன்பு நீதித்துறை அதிகாரியாக இருந்து துறவு பூண்ட ஒருவரிடம் புத்தர் கேட்டார். ஒரு பாதம், அதாவது ஐந்து மாசக நாணயம் என்று பதில் வந்தது. துறவு பறிபோகும் எல்லையும் அதுவே ஆயிற்று. அதற்குக் கீழே குற்றத்தின் கனம் குறையும்.

இந்த ஐந்து மாசகத்தை எந்த ஊர் விலையில் கணக்கிடுவது? சமந்தபாசாதிகா ஒரு வழக்கைச் சொல்கிறது. ஈழத்தில் பாதிய மன்னன் காலம். மெருகேற்றிய தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணம் ஒன்றை ஒரு பிக்கு இன்னொருவரிடமிருந்து எடுத்துவிட்டார். கிண்ணம் கடல் நடுவிலிருந்த ஒரு தீவிலிருந்து வந்தது. துறவு போயிற்றா இல்லையா என்று விகாரைகள் திணறின. கோதத்த தேரர் என்ற வினய வல்லுநர் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீவில் தேங்காயைத் தின்றுவிட்டுச் சிரட்டையை விறகுக் குவியலில் எறிகிறார்கள், அங்கே அதற்கு ஐந்து மாசகம் ஏது? ஆகவே பாராசிகம் இல்லை. இதைக் கேள்விப்பட்ட அரசன் அவரையே வழக்குகளுக்கு நடுவராக்கினானாம். ஒரு திருட்டைத் தீர்மானிக்கும்முன் பொருள், காலம், இடம், விலை, பயன்பட்ட அளவு என்ற ஐந்தையும் பார்க்கவேண்டும் என்று உரை வகுக்கிறது. தண்டிக்கத் துடிக்கிறவர்கள் எழுதிய சட்டத்தில் இந்த ஐந்தும் இருக்காது.

எண்ணத்துக்கு எவ்வளவு இடம் என்பதும் விதிக்கு விதி மாறும். கொல்லும் எண்ணமில்லாமல் ஓர் உயிர் போய்விட்டால் கொலைக்குற்றம் இல்லை. ஆனால் மது என்று தெரியாமல் குடித்தாலும் குற்றம்தான். முதலாவதில் மனதைக் கேட்கிறார்கள், இரண்டாவதில் கேட்பதில்லை. ஏன் என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் சோழநாட்டுக் குரலும் உண்டு. 12, 13ஆம் நூற்றாண்டில் 'விமதிவிநோதனி' என்ற வினய உரையை எழுதிய காசியபர் சோழநாட்டுத் துறவி. புத்ததத்தருக்குப் பின் எழுநூறு ஆண்டு கழிந்தும் இந்த மண்ணில் வினயம் படிப்பாக இருந்தது என்பதற்கு அவரே சான்று.

இவ்வளவு நுட்பத்தையும் ஓலைச்சுவடிக் கட்டுகளில் தேடிக்கொண்டிருந்தால் இளம் துறவி எப்போது கற்பது? புத்தசீகர் என்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில் புத்ததத்தர் முழு வினயத்தையும் செய்யுளாக்கினார். வினயவிநிச்சயத்தில் 31 அதிகாரங்கள், 3183 செய்யுள்கள். துணைநூலான 'உத்தரவிநிச்சய'த்தில் 23 அதிகாரங்கள், 969 செய்யுள்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை ஒப்பித்தது போல மனப்பாடம் செய்து, தேவைப்படும்போது நாவிலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. கவிதையாக அதைப் படித்தால் ஏமாற்றம்தான். நிகண்டில் யார் கவிதை தேடுவார்கள்?

பௌத்த அறநெறி இன்று தனிப் பல்கலைக்கழகத் துறை. 1994இல் டேமியன் கியோனும் சார்ல்ஸ் பிரெபிஷும் அதற்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கினார்கள். வினயமும் அறநெறியும் ஒன்றா, வேறா என்பது அந்தத் துறைக்குள் தீராத வழக்கு. எனக்கு, சிரட்டைத் தீர்ப்பைச் சொன்னவர்களிடம் அறச்சிந்தனை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"ஸ்ரீரங்கத்து மதில் சூடாமணி விகாரையின் பொன்னால் எழுந்தது"

பொன் புத்தரை ஆழ்வார் கவர்ந்த கதையைப் பகைவர் யாரும் கட்டிவிடவில்லை. வைணவக் குருபரம்பரை நூல்களே பெருமையோடு சொல்கின்றன. நான்காம் திருச்சுற்று இன்றும் ஆழ்வாரின் மறுபெயரான ஆலிநாடன் பெயரில்தான் இருக்கிறது. கதையில் எவ்வளவு நடந்தது என்பது வேறு விஷயம். பொன் போனது சூடாமணி விகாரையிலிருந்து என்று இப்போது சேர்த்துச் சொல்கிறார்களே, அது மட்டும் நடக்கவே முடியாது. ஆழ்வார் 8, 9ஆம் நூற்றாண்டுக்காரர். சூடாமணி விகாரை ஸ்ரீவிஜய அரசன் பேரால் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜ சோழன் கொடையளித்தது 1006 வாக்கில். கட்டாத விகாரையில் எப்படிக் கன்னம் வைப்பது? அதற்கு முன்பும் நாகையில் பௌத்தப் பள்ளிகள் இருந்தன, கதை நடந்திருந்தால் அவற்றில் ஒன்றில் நடந்திருக்கலாம்.

நாகையில் எஞ்சி நின்ற பழைய செங்கல் கோபுரத்தின் முடிவுக்கும் திருச்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. யேசு சபையார் அரசின் அனுமதி பெற்று 1867இல் அதை இடித்தார்கள். அவர்கள் 1844இல் நாகையில் தொடங்கிய கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள தூய வளனார் கல்லூரி அதுதான். ஆழ்வார் கதையைச் சூடாகப் பேசுகிறவர்கள், தேதியோடும் அரசாணையோடும் நடந்த இதைப் பேசுவதில்லை.

பெரிய கோயிலே புத்தர் கோயில் என்பதற்கு, பெருமாள் படுத்திருக்கிறார் என்பதைத் தவிர வேறு ஆதாரம் சொல்லக் கேட்டதில்லை. ஆற்றிடைத் தீவில் பாம்பணையில் துயிலும் திருமாலைச் சிலப்பதிகாரமே பேசிவிடுகிறது. சோழநாட்டு வயல்களிலும் வரப்புகளிலும் கிடைத்த புத்தர் சிலைகளோ பெரும்பாலும் அமர்ந்த நிலையில் இருக்கின்றன. உறையூரில் உண்மையாகப் பிறந்த ஆசிரியரை விட்டுவிட்டு, இல்லாத விகாரைக்கு உரிமை கொண்டாடுவது வீண் வேலை.

"உலக பௌத்தம் முழுவதும் அவரை வழிபடுகிறது"

அவரைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்களுக்கு வரும் காய்ச்சல் இது. புத்தகோசருக்குக் கிடைத்த புகழ் புத்ததத்தருக்குக் கிடைக்கவில்லை. அநுருத்தரின் கைக்கடக்கமான நூல் வந்தபின் அபிதம்மாவதாரம் வகுப்பறையில் பின்வரிசைக்குப் போயிற்று. வினயத்திலும் அதைவிடச் சிறிய மனப்பாட நூலான 'குத்தசிக்கா' போட்டிக்கு நின்றது. ஆனாலும் அவர் நூல்கள் அழியவிடப்படவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஈழத்துச் சுமங்கலர் அபிதம்மாவதாரத்துக்கு விரிவான உரை எழுதினார். வினயவிநிச்சயத்துக்கும் பாலியில் உரை எழுந்தது. ஈழத்து அம்பலாங்கொடை அக்காராமத்தில் இருந்த போல்வத்தை புத்ததத்த மகாதேரர், தம் பெயரையே கொண்ட பழைய ஆசிரியரின் நூல்களைச் சுவடிகளிலிருந்து திருத்தி எடுத்தார். லண்டன் பாலி நூற்கழகம் அபிதம்ம நூல்களை 1915இலும் வினய நூல்களை 1928இலும் அச்சிட்டது. ரங்கூனில் 1954 முதல் 1956 வரை கூடிய ஆறாம் சங்கீதி என்ற பௌத்தப் பேரவையின் பதிப்பு வரிசையிலும் வினயவிநிச்சயமும் உத்தரவிநிச்சயமும் சேர்ந்தே இருக்கின்றன.

பாடநூல் ஆசிரியரின் செல்வாக்கு இப்படித்தான் இருக்கும். மாணவன் நூலை மனப்பாடம் செய்வான், ஆசிரியர் பெயரை மறப்பான். வழக்கு வரும்போது செய்யுள் நாவில் வரும், யார் எழுதியது என்று எவரும் கேட்பதில்லை.